அறுபதாம் நாளைச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கைதிகளுக்குச் சட்ட விழிப்புணர்வு முகாம் நடந்ததாக அடிக்கடி செய்தி வருகிறது. படத்தில் மேடை, பேனர், பொன்னாடை எல்லாம் தெரிகிறது. உள்ளே இருப்பவனுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் தெரிவதில்லை.

தருமபுரியில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். போன மாதம் பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். மகன் திருட்டு வழக்கில் சேலம் மத்திய சிறையில் இருக்கிறான். "பெயிலுக்கு ஒரு மனு எழுதிக் குடு சாமி" என்றார். அது வக்கீல் வேலை என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த காகிதங்களை வாங்கித் தேதியை எண்ணினேன். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ணினால் குற்றப்பத்திரிகை வந்தது 67-ஆம் நாள்.

இதுபோன்ற வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கைதியின் உரிமை. (10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள்.) ஆனால் கேட்க வேண்டும். கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போச்சு. வாயால் கேட்டாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. 60-ஆம் நாள் முடிந்து குற்றப்பத்திரிகை வருவதற்குள் ஒருமுறை பையனைக் காணொலியில் நீதிபதி முன் நிறுத்தியிருக்கிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வந்திருக்கிறான்.

சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். அதுவும் தெரியாமல் அந்த அம்மா காதுத் தோட்டை அடகு வைத்திருந்தார்.

முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை, நடக்கட்டும். அதோடு, சிறைக்குள் போகிற அன்றே ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். அவருடைய 60-ஆம் நாளோ 90-ஆம் நாளோ எந்தத் தேதியில் முடிகிறது என்று அதில் இருக்கட்டும். முன்பு தண்டனை பெறாதவர், வேறு வழக்கும் இல்லாதவர் என்றால் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு முடிகிற தேதியையும் எழுதலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (BNSS) 479-ஆம் பிரிவுப்படி அன்று சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். ஆயுள், மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டும் இது கிடையாது. படிக்கத் தெரியாதவருக்கு யார் வாசித்துக் காட்டுவது? தருமபுரியில் அரசு சட்டக் கல்லூரியே இருக்கிறது. ஓசூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கன்னடம், தெலுங்கு, இந்தியிலும் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம் ஒன்று. கைதியை மனு போட்டுப் பார்க்க வருகிறவர்கள் வெயிலில் காத்திருக்கும் சிறைச் சுவரில் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். அந்த அம்மாவுக்கு எண் வாசிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
மனு எழுதுபவர் ஒருவர்,
தருமபுரி.