உன் நாடகத்தில் 1977 எங்கே?

அன்புள்ள மகளுக்கு,

லண்டனிலிருந்து நீ எழுதி அனுப்பிய நாடகப் பிரதியை வாசித்து முடித்தோம். போனில் எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று அம்மா சொன்னதால் நான் சத்தமாக வாசிக்க, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நடிகர் தேர்வில் அந்த இயக்குநர் உன்னிடம் "இன்னும் கொஞ்சம் இலங்கை உச்சரிப்போடு பேசு" என்று திரும்பத் திரும்பக் கேட்கிற காட்சி வந்ததும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளை பேசுவதே இலங்கை உச்சரிப்புத்தானே, அதுக்கு மேலே என்ன வேணுமாம்?" என்று என்னோடு சண்டைக்கு வந்தாள். அந்தக் காட்சியில் ஒரு சொல்லையும் மாற்றாதே.

ஆனால் உன் வீட்டைப் பற்றி வருகிற பகுதி எனக்குச் சரியாகப் படவில்லை. பனைமரம் வருகிறது, நல்லூர்த் தேர் வருகிறது, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிகிறது. அந்த நெருப்பு எல்லாத் தமிழருக்கும் உரிய துயரம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மகளே, இது யாருடைய வீடு? உன் அப்பாயி, என் அம்மா, எங்கே? 1977 எங்கே? லண்டனில் இருக்கிறவர்களுக்கு ஈழத்தமிழர் என்றால் இப்படித்தான் தெரியும் என்பதற்காக, வன்னியில் நீ பிறந்த தருமபுரத்து வீட்டை யாழ்ப்பாணத்து வீடாக்கிவிட்டாய். உச்சரிப்பை மாற்றச் சொன்ன இயக்குநரிடம் மறுத்த பிள்ளை, வீட்டை மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?

நம் கதை 1948இல் தொடங்குகிறது. அந்த வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த நம் தோட்டத்துச் சனங்களை நாடற்றவர்களாக ஆக்கியது. பிறகு 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். 1977 ஆகஸ்டில் கலவரம் வந்து நாங்கள் இருந்த தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, அந்த லயத்துக்கு, தீ வைத்தபோது, கட்டின சேலையோடும் என்னையும் தூக்கிக்கொண்டும் ஓடி வந்தவள் உன் அப்பாயி. தமிழ் ஆட்கள் இருக்கிற இடம் என்று நம்பித்தான் வன்னிக்கு வந்தார்கள். காட்டை வெட்டிக் குடிசை போட்டு, மலேரியாவில் கிடந்து எழும்பி, இந்த மண்ணை வயலாக்கினார்கள்.

இங்கே எங்களுக்குக் கிடைத்த 'தோட்டக்காட்டான்' என்ற பெயர் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உனக்கே சொல்லியிருக்கிறார்கள். நீ அழுதுகொண்டு வந்தாய்.

எனக்கு நடந்த ஒன்றை உன்னிடம் சொன்னதில்லை. நான் இளந்தாரியாக இருந்தபோது பக்கத்து ஊரில் காத்தவராயன் கூத்துப் பழக்கினார்கள், உயர்சாதி ஆரியமாலையைக் காதலித்ததற்காகக் காத்தான் கழுவேறுகிற கதை. எனக்கு நல்ல குரல். வேலியோரம் நின்று கேட்டே பாட்டெல்லாம் மனப்பாடம். பின்காத்தானுக்கு, அதாவது வளர்ந்த காத்தான் வேடத்துக்கு, ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து போய்ப் பாடிக் காட்டினேன். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் கண்ணை மூடிக் கேட்டார். அவருக்குப் பிடித்துப் போனது முகத்தில் தெரிந்தது. ஆர்மோனியக்காரரும் இன்னொரு தரம் பாடச் சொன்னார். அப்போது பின்னால் இருந்த ஒருவர் சொன்னார்: "தோட்டக்காட்டான் காத்தானுக்கு வந்தால் எங்கட பிள்ளைகள் ஆர் ஆரியமாலைக்கு ஆடுவினம்?" ஆரியமாலைக்கு ஆடுவதும் ஓர் ஆண்பிள்ளைதான். அண்ணாவியார் ஒன்றும் பேசவில்லை, கொப்பியை மூடினார். எனக்குச் சேவகன் வேடம் தந்தார்கள், பாட்டுக் கிடையாது, ஈட்டியோடு நிற்க வேண்டும். சாதி பார்த்துக் காத்தானைக் கழுவில் ஏற்றுகிற கதையை விடிய விடிய ஆடுகிற ஆட்கள் அவர்கள். நான் அந்தச் சேவகனுக்கு ஆடவில்லை.

நீ போன மாதம் சொன்னாயே, அமெரிக்கக் கறுப்பின நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் 1996இல் பேசிய பேச்சைப் பற்றி. நிறம் பார்க்காமல் நடிகரைத் தேர்கிறோம் என்பதை அவர் ஏற்கவில்லை, கறுப்பர்களை வெள்ளையரின் நாடகங்களுக்குள் பொருத்துவதை விட்டுவிட்டு அவர்களுடைய நாடகங்களுக்கு இடமும் பணமும் கொடுங்கள் என்று கேட்டார் என்றாய். அந்த மனிதர் சொன்னது எனக்கு நன்றாக விளங்குகிறது. சேவகன் வேடம் கிடைத்ததே என்று சந்தோஷப்படச் சொன்னவர்கள் எனக்கும் இருந்தார்கள்.

அதனால் சொல்கிறேன். வெள்ளையர் உனக்குச் செய்வதை மேடையில் சொல்கிற அதே வாயால், நம் ஆட்கள் நமக்குச் செய்ததையும் சொல்லு. வெளியாருக்கு முன்னால் நம் வீட்டுக் குப்பையைக் கிளறலாமா என்று உனக்குத் தயக்கம் இருக்கும். நம் மேடையில் இது புதிதில்லை. யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியாரை விடச் சொல்லி ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்த காலத்தை ஒட்டி, 'கந்தன் கருணை' என்ற நாடகத்தைக் காத்தவராயன் கூத்து மெட்டிலேயே போட்டார்கள். கோயில் கதவை யார் பூட்டினார்கள் என்று தமிழர்களே தமிழர்களிடம் கேட்டார்கள். அதனால் தமிழ் நாடகம் குறைந்து போகவில்லை.

இன்னொன்று. சிட்னியில் சக்திதரன் எழுதிய 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' 2019இல் நகர மண்டபத்தில் மேடையேறியதே, அதைப் பற்றி உன்னிடம்தான் கேள்விப்பட்டேன். அவருடைய பூட்டனார் யார் தெரியுமா? நம் வவுனியாவின் எம்.பி.யாக இருந்த சுந்தரலிங்கம். தோட்டத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையில் 1948இல் அமைச்சர் பதவியை விட்டு வெளியேறியவர். சிட்னியில் ஆடிய கதைக்கும் உன் அப்பாயிக்கும் நடுவில் வவுனியா இருக்கிறது, பார். அந்த நாடகத்தில் பாத்திரங்கள் தமிழிலும் சிங்களத்திலும் பேச, பக்கத்தில் நிற்கிற நடிகர்களே ஆங்கிலத்தில் சொல்கிறார்களாம். அதை எடுத்துக்கொள். உன் பிரதியில் அப்பாயி ஆங்கிலம் பேசுவதுபோல எழுதாதே. அவள் தன் தமிழில் பேசட்டும், புரியாதவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

பனைமரத்துக்குப் பதில் நம் தோட்டத்துச் சனங்களின் காமன் கூத்தை வை. மாசியில் காமன் ஊன்றி, தாத்தா தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சிக் காதோரம் வைத்துத் தட்டிப் பார்ப்பார். தோல் சரியாக இறுகும்வரை யாரையும் பேச விடமாட்டார். மன்மதன் எரிந்ததும் ரதி வேடக்காரர் அழுவதைப் பார்த்து அப்பாயியும் அழுவாள். வருடா வருடம் தெரிந்த கதைதான், ஆனாலும் அழுவாள். அந்தத் தப்பு 2009 இடப்பெயர்வோடு போய்விட்டது. அடி எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரதி புலம்பலும் பாதி வரும், மீதிக்கு ஆள் விசாரித்திருக்கிறேன். பாடி, குரல் பதிவாக அனுப்புகிறேன்.

திருத்தியதும் அப்பாயி பேசுகிற இடங்களை மட்டும் முதலில் அனுப்பு, அவள் பேச்சு எனக்குத்தான் தெரியும். நாடகம் பார்த்துவிட்டு அங்கே இருக்கிற நம் ஆட்கள் யாராவது, தமிழரை அவமானப்படுத்திவிட்டாய் என்று உன்னோடு சண்டைக்கு வந்தால், என் நம்பரைக் கொடு. நான் கதைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா