பெரிய மாமாவுக்கு, முதல் விமானப் பெட்டியைப் பிரிக்கும் முன்

அன்புள்ள பெரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்க மறுக்கிறது என்று சொல்லி, இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை வரவழைத்து வைத்திருக்கிறீர்கள் என்று அத்தை சொன்னார்கள். கேட்டதிலிருந்து எனக்குப் பெரும் மகிழ்ச்சி. முதல் பெட்டியோடு உட்காரும் வேறு சிலருக்கும் உதவலாம் என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு வரியும் உங்களை மனத்தில் வைத்தே எழுதியது.

கோயம்புத்தூர் கணபதிப் பட்டறைகளில் வாழ்நாளெல்லாம் மோல்டு செய்த உங்களுக்குப் பாகங்களைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. பெட்டியைத் திறந்ததும் ரன்னர் என்னும் சட்டத்தில் தொங்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் பாகங்களையும், அவற்றில் சட்டத்தோடு இணையும் கேட்டை வெட்ட வேண்டிய இடம், மோல்டின் இரு பாதிகள் சேர்ந்த பார்ட்டிங் லைன், பாகத்தை வெளியே தள்ளும் எஜெக்டர் பின் விட்ட வட்டத் தடம் ஆகியவற்றையும் நீங்கள் கண்ணாலேயே படித்துவிடுவீர்கள். புதிதாக வருகிறவர்கள் இவற்றை அடையாளம் காணவே பல மாதம் எடுத்துக்கொள்கிறார்கள். மோல்டிலிருந்து பாகம் எளிதில் கழன்று வரத் தடவும் ரிலீஸ் ஏஜென்ட்டின் பிசுக்கு பெயிண்டைப் பிடிக்கவிடாது என்பதால், ரன்னரோடு சேர்த்தே சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிடுங்கள். பாகத்தை ஒட்டி வெட்டாமல் சற்றுத் தள்ளி வெட்டுங்கள். மிச்சத்தைப் பிளேடால் சீவி, முதலில் 400, பிறகு 800 எண் உப்புத்தாளால் தேய்த்தால் போதும்.

நீங்கள் புதிதாகப் பழக வேண்டியது 72 என்ற எண்ணை. ஆறடி உயர மனிதன் ஓர் அங்குலமாகச் சுருங்கும் கணக்கு அது. 1930களிலேயே பிரிட்டனில் இந்த அளவில் மாதிரி விமானங்கள் வந்துவிட்டன. நிஜ ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர், உங்கள் மேசையில் அது 15.6 சென்டிமீட்டர். இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இறக்கையும் உடற்பகுதியும் சேரும் இடத்தில் நீங்கள் விட்டுவிடும் கால் மில்லிமீட்டர் இடைவெளி, நிஜ விமானத்தில் 18 மில்லிமீட்டர் பிளவு. அந்த விமானத்தில் யாரும் ஏற மாட்டார்கள். பெயிண்டும் அப்படித்தான். 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்தில் அது படிந்தால், நிஜத்தில் 7 மில்லிமீட்டருக்கும் மேல் பூச்சு பூசிய விமானமாகிவிடும். பாகங்களின் அளவில் மைக்ரான் பார்க்கும் கைகள் கூட, பெயிண்ட் டப்பாவைத் திறந்ததும் அதற்கும் கனம் உண்டு என்பதை மறந்துவிடுகின்றன. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஒட்டுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பசையே இல்லாமல் பொருத்திப் பார்ப்பது உங்கள் பிறவிக் குணம். டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற மெல்லிய சிமென்ட் (மாதிரிகளுக்கான நீர்மப் பசை) பிளாஸ்டிக்கையே கரைத்து இரு முனைகளையும் ஒன்றாக்குகிறது. பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இணைப்பில் தூரிகை நுனியால் தொட்டால், அது தானாகவே உள்ளே ஓடிப் பரவும். உடற்பகுதியின் இரண்டு பாதிகளையும் மூடுவதற்கு முன்பே விமானியின் அறைக்குச் சாம்பல் பச்சையும், கருவிப் பலகைக்குக் கறுப்பும் பூசிவிட வேண்டும். இறக்கை அடியில் இடைவெளி தெரிந்தால், ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு மேலாக மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டிக் காயவிடுங்கள். இறக்கைகள் சற்று மேலே எழும்பி இடைவெளி மூடிக்கொள்ளும். கண்ணாடிக் கூண்டுக்கு மட்டும் சட்டென ஒட்டும் பசையைத் தொடவே வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியை வெளுக்கச் செய்துவிடும். மர வேலைக்கு வைத்திருக்கும் வெள்ளைப் பசையே அதற்குப் பொருத்தம். அதிகமானதை ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

இனிப் பெயிண்டுக்கு வருகிறேன். முதலில் பிரைமர் என்னும் சாம்பல் நிற அடிப்பூச்சை மெல்லியதாகப் பூசுங்கள். கண்ணுக்குத் தப்பிய கீறலும், சரியாக மூடாத இணைப்பும் அப்போது தெளிவாகத் தெரியும். அவற்றைப் புட்டி வைத்துத் தேய்த்த பிறகே அடுத்த வேலை. அசல் விமானத்தை உருவாக்கியவர்களும் மேற்பரப்பில் இதே கண்டிப்போடு இருந்தார்கள். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட்டுகளின் தலை வெளியே துருத்தாமல் சமதளமாக இருப்பது எங்கெங்கே உண்மையில் தேவை என்று அறிய, ஸ்பிட்ஃபயரின் ரிவெட்டுகள் மேல் உருண்டைத் தலைக்குப் பதிலாகப் பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறக்கவிட்டு, சிறிது சிறிதாக அவற்றை எடுத்துக்கொண்டே வந்து வேகம் எவ்வளவு மாறுகிறது என்று அளந்து பார்த்தார்கள். அந்த மேற்பரப்பின் மீது தடித்த பெயிண்டைப் பூச எனக்கு மனம் வருவதில்லை.

அக்ரிலிக் பெயிண்டைப் பால் பதத்துக்கு நீர்க்கச் செய்து, அகலமான மென்மையான தூரிகையில் குறைவாக எடுத்து, ஒரே திசையில் இழுங்கள். முதல் கோட்டு திட்டுத்திட்டாக, அடியிலுள்ள பிரைமர் தெரியும்படிதான் இருக்கும். அதைக் கண்டு மனம் பதறி, ஈரம் காய்வதற்குள் அதே இடத்தில் மறுபடியும் தேய்த்தால், பாதி காய்ந்த பெயிண்ட் உரிந்து வந்துவிடும். நன்றாகக் காயவிட்டு, இரண்டாவது கோட்டை முதலாவதற்குக் குறுக்காகப் பூசுங்கள், தேவைப்பட்டால் மூன்றாவது. இப்படி மூன்று மெல்லிய கோட்டுகள் சேர்ந்தும், தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் நுண்ணிய பேனல் கோடுகளை மூடாது. ஒரே தடித்த கோட்டு மூடிவிடும்.

வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவதே முறை. 1940 கோடைக்கால ஸ்பிட்ஃபயர் என்றால், அடிப்பகுதிக்கு ஸ்கை என்னும் வெளிர் பச்சை, மேற்பகுதி முழுவதும் டார்க் எர்த் என்னும் மண் நிறம், பிறகு அதன்மேல் டார்க் கிரீன் திட்டுகள். இரு நிறங்களும் சேரும் ஓரத்தை மங்கலாக்கக் காற்றால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ் வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். நிஜத்தில் அந்த ஓரம் 3 அங்குலம் கலந்திருந்தாலும் உங்கள் மாதிரியில் அது ஒரு மில்லிமீட்டர்தான். தூரிகையின் நேர்த்தியான ஓரமே கண்ணுக்குச் சரியாகத் தெரியும்.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் அக்ரிலிக் தூரிகையிலேயே காய்ந்து கோடு விழுகிறது. அந்த நாட்களில் அதிகாலையே பெயிண்டுக்கு உகந்த நேரம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றோடு புழுதியும் வந்து ஈரப் பெயிண்டில் படியும். ஆகவே சிமென்ட் பசையால் ஒட்டும்போது நெடி போகச் சன்னலைத் திறந்து வையுங்கள்; தண்ணீரில் கரையும் பெயிண்டைப் பூசும்போது சன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, பூசி முடித்ததும் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். ஸ்ப்ரே டப்பாவை மழை நாளில் எடுக்கவே வேண்டாம், காற்றிலுள்ள ஈரத்தால் பூச்சு வெளுத்துவிடும்.

டெக்கால்களை, அதாவது விமானத்தின் சின்னங்களும் எண்களும் அச்சிட்ட ஒட்டுப்படங்களை, சொரசொரப்பான பரப்பில் நேரடியாக ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி நிறத்தில் மினுங்கும். அதனால் முதலில் பளபளக்கும் வார்னிஷ், பிறகு டெக்கால், நன்றாகக் காய்ந்த பின் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

அடுத்த பெட்டிக்கு என் விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை நம் கோயம்புத்தூரில் 'கருடா' என்ற பெயரில் விமானப் பழுதுபார்ப்புத் தளம் நடத்தியது. சூலூரில் இன்று தேஜஸ் பறக்கிறது. 2020இல் அங்கே தேஜஸைப் பறக்கவிடத் தொடங்கிய 18ஆவது ஸ்குவாட்ரன் என்னும் விமானப்படைப் பிரிவுதான் 1971 போரில் நேட் என்னும் சிறிய போர் விமானங்களோடு ஸ்ரீநகரைக் காத்தது; அதில் பறந்து டிசம்பர் 14 அன்று வீரமரணம் அடைந்த நிர்மல்ஜித் சிங் செகோன், இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர். ஆகவே இரண்டாவது மாதிரி நேட் ஆக இருக்கட்டும். அதற்கு மூக்குச் சக்கரம் உண்டு. மூக்குக்குள் எடை வைக்காமல் மூடினால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். உங்கள் பெட்டியில் கிடக்கும் பழைய பேரிங் குண்டுகளை அதற்கென எடுத்து வையுங்கள். வாங்கும்போது இருக்கைகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு இருந்தால் அது பிரிட்டனின் பயிற்சி வகை, இறக்கையே வேறு. செகோன் ஓட்டியது ஒற்றை இருக்கை விமானம்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை