பயிற்றுநர் பணிக்கும் ஒரு படிநிலை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண் தன்னார்வலர்களை ஊரே அறியும். ஆனால் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்களையும், மாத்திரை இருப்பு முதல் மறுபரிசோதனைப் பட்டியல் வரை கவனிக்கும் திட்ட மேலாளர்களையும் பலர் அறிவதில்லை. வயலிலிருந்து அப்போதுதான் திரும்பியவரை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கலாக வைத்து, பேச்சுக் கொடுக்காமல் அளந்தால்தான் கருவி காட்டும் அளவை நம்ப முடியும். இதை வகுப்பில் ஒருமுறை சொன்னால் போதாது. களத்தில் உடனிருந்து திருத்த வேண்டும், அதற்குப் பொறுமையும் அனுபவமும் உள்ள பயிற்றுநர் வேண்டும்.

திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் ஊரக சுகாதார, குடும்பநலப் பயிற்சி நிறுவனம் 1964 முதலே இயங்கிவருவது நமக்குப் பெருமை. ஆயினும் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் இத்தகைய பணிகளில் பலர் ஒப்பந்த அடிப்படையிலேயே இருப்பதால், செவிலியர் பட்டமும் பொதுச் சுகாதாரப் படிப்பும் முடித்த இளைஞர்கள் இத்துறையை நிலையான வாழ்க்கைப் பணியாகக் கருதத் தயங்குவது இயல்பே. பயிற்றுநர், திட்ட மேலாளர் பணியிடங்களை நிரந்தரமாக்கி, கிராம சுகாதாரச் செவிலியர்களும் அவற்றுக்குப் பதவி உயர்வு பெறும் வகையில் அரசு விதிகளை வகுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியப் பயிற்றுநர்,
திண்டுக்கல்.