கால் ஊசிச் செய்தியின் மறுபாதி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலம் சிவதாபுரத்தில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். இருபது வருடமாக உங்கள் பேப்பரைப் பார்க்காமல் பட்டறை திறந்ததில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு இனி காலை வெட்ட வேண்டியதில்லை, ஜப்பானில் மரபணு ஊசி வந்துவிட்டது என்று அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். அதை போட்டோ பிடித்து ஏற்காட்டில் இருக்கும் என் மனைவியின் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவன் நான்தான். அதனால் இந்தக் கடிதத்தில் பாதித் திட்டு உங்களுக்கு என்றால் மீதிப் பாதி எனக்கு.

அவனுக்கு வயது 39. நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் வேலை. பதினாறு வயதில் பிடித்த பீடி. இரண்டு வருடமாக மேட்டில் ஏறினால் அடிப்பாதமும் ஆடுசதையும் இறுகிக்கொள்ளும், இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும், மறுபடி நடந்தால் அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். நரம்பு இழுக்கிறது என்றார்கள், எண்ணெய் தேய்த்தான். ஒரு இடத்தில் முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்து வைட்டமின் ஊசி போட்டு அனுப்பினார்கள். அப்புறம் மார்கழிப் பனியில் விரல் நீலம் பாரித்து, ராத்திரி தூங்க முடியாமல், கட்டிலிலிருந்து காலைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருப்பான். காலைத் தொங்கப் போட்டால் கொஞ்சம் ரத்தம் இறங்கும், வலி அடங்கும். இது யாருக்காவது இருந்தால் அது நரம்பும் இல்லை வாதமும் இல்லை, ரத்தக் குழாய் அடைப்பு முற்றிய நிலை என்று எங்களுக்கு அப்போது சொல்ல ஆளில்லை.

சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தபோது டாக்டர் முதலில் செய்தது, பாதத்தின் மேல்பக்கம் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தது. நாடி இல்லை. பிறகு கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்து, கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்தார்கள். 0.9க்குக் கீழே போனாலே அடைப்பு என்று அர்த்தமாம், இவனுக்கு 0.4. ஆஞ்சியோ பார்த்துவிட்டு, பர்கர் நோய் என்றார்கள். நியூயார்க்கில் 1908ல் லியோ பர்கர் என்ற டாக்டர் விவரமாக எழுதியதால் அந்தப் பெயர். பெரும்பாலும் புகையிலை விடாத இளவயது ஆண்களுக்கு வருவது, கொழுப்பு படிந்து வரும் அடைப்பு இல்லை, சின்னக் குழாய்கள் வீங்கி ரத்தம் உறைந்து அடைபடுவது. பைபாஸ் செய்யலாமே என்று கேட்டேன். மேலிருந்து கொண்டுவரும் குழாயைக் கீழே சேர்த்துத் தைக்க நல்ல குழாய் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். பீடியை அடியோடு விட்டால் கால் தங்கும், ஒன்று இரண்டு என்று வைத்துக்கொண்டால்கூட தங்காது, வாயில் ஒதுக்கும் புகையிலையும் கூடாது. இவ்வளவுதான் அவர் சொன்னது.

சரி, அந்த நேரத்தில்தான் உங்கள் அரைப் பக்கம்.

பையன் பீடியை விட்டு பத்து நாள் ஆகியிருந்தது. செய்தியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "ஊசி வருதுன்னா கொஞ்ச நாள் ஓட்டிக்கலாம் மாமா" என்றான். நானும் அட, ஆமாம் என்றேன். மறுபடி பீடி. யாரோ சொன்னார்கள் என்று ஒரு தனியார் கிளினிக்குக்கு வேறு போனோம், பெயர் வேண்டாம். அவனுடைய ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்றி, திரும்ப ஆடுசதையில் போட்டுவிட்டு "இதுவும் மரபணு மாதிரிதான்" என்றார்கள். மாதிரிதான்! வெள்ளி மாதிரி என்று சொல்லி ஈயத்தை விற்றால் எங்கள் தொழிலில் கடையை மூட வேண்டியதுதான்.

என் மகள் பி.பார்ம் படிக்கிறாள். அவள்தான் உட்கார்ந்து தேடிப் படித்து எனக்கு விளக்கினாள். எனக்குப் புரிந்தது இதுதான். ஏற்காடு மலைப்பாதையில் மழைக்கு மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகிறோம் இல்லையா, அதுபோல பெரிய குழாய் அடைபட்டால் உடம்பு தானாகவே பக்கத்துச் சின்னக் குழாய்களை விரித்து சுற்றுப்பாதை போட்டுக்கொள்ளப் பார்க்கும். அந்த வேலையைத் தூண்டிவிடும் புரதங்கள் இருக்கின்றன. அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவை வளையம் போன்ற ஒரு டி.என்.ஏ. துண்டில் வைத்து காலின் சதையில் பல இடத்தில் குத்துகிறார்கள். சதை சில வாரம் அந்தப் புரதத்தைச் செய்யும், பிறகு நின்றுவிடும். பிள்ளைகுட்டிகளுக்குப் போகாது. யோசனையில் ஒரு குறையும் இல்லை. 1990களின் நடுவிலேயே பாஸ்டனில் ஜெஃப்ரி இஸ்னர் என்ற டாக்டர் மனிதர்களுக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். ரஷ்யாவில் 2011ல் இந்த வகை மருந்து ஒன்றுக்கு அனுமதியே கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் அதே 2011ல் வெளிவந்த இன்னொரு முடிவு உங்கள் அரைப் பக்கத்தில் இல்லை. டமாரிஸ் என்று பெயர் வைத்து, 30 நாடுகளில் 525 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு மரபணு ஊசி, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி போட்டு ஒரு வருடம் பார்த்தார்கள். காலை இழந்தவர்கள், இறந்துபோனவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். வித்தியாசம் இல்லை. அதற்கு முந்தைய சின்ன ஆய்வு நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

உங்கள் ஜப்பான் ஊசிக்கு வருகிறேன். கொலாடெஜீன் என்று பெயர், ஒசாகா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 2019 மார்ச்சில் அனுமதி கொடுத்தது உண்மை, ஆனால் அது நிபந்தனை அனுமதி. ஆறாத கால் புண்ணுக்குப் போட்டுக்கொண்டே ஐந்து வருடத்துக்குள் நிரூபித்துக் காட்டு என்பது நிபந்தனை. அப்போது ஒரு ஊசி ஆறு லட்சம் யென், குறைந்தது இரண்டு போட வேண்டியிருந்தது. சுமார் 40 பேரை வைத்துப் பார்த்தபோது தெரிந்த பலன், அதிகம் பேருக்குப் போட்டுப் பார்த்தபோது திரும்ப வரவில்லை. 2024ல் அந்த நிறுவனமே முழு அனுமதிக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நீங்கள் செய்தி போட்டது அதற்குப் பிறகு! "வந்துவிட்டது" என்று எழுதியவர் "திரும்பிப் போய்விட்டது" என்பதைப் பார்க்கவே இல்லையா?

நம் நாட்டிலேயே பெங்களூருவில் செய்யும் ஸ்டெம்பியூசெல் என்ற செல் மருந்து இருக்கிறது. பர்கர் நோய்க்கு 2016ல் வரம்பு வைத்து அனுமதித்தார்கள், 2020ல் அதை விரிவாக்கினார்கள். அது கொடையாளர் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த செல், மரபணு ஊசி அல்ல, நாங்கள் போன கிளினிக்கில் சுற்றிக் குத்தியதும் அல்ல. மூன்றையும் ஒரே பையில் போட்டு எழுதினால் எங்களைப் போன்றவர்கள் எதை நம்பி எங்கே போவது?

இந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. என் மச்சான் மாதிரி பைபாஸுக்கும் வழியில்லாதவர்களுக்குத்தான் அது தேவை, அவர்களுக்காகத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். என் கோபம் வேறு. அந்தச் செய்தி அவனுக்கு இன்னும் இரண்டு மாதம் பீடி பிடிக்க அனுமதிச் சீட்டு ஆகிவிட்டது. அந்த இரண்டு மாதத்தில் பெருவிரலும் பக்கத்து விரலும் கருத்து, எடுக்க வேண்டியதாயிற்று.

மலையில் இருப்பவர்களுக்காக ஒன்று கேட்கிறேன், இதை நீங்கள் எழுதினால் அதிகாரிகள் காதில் விழும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், நல்ல காரியம். தஞ்சாவூரில் தொடங்கிய பாதம் பாதுகாப்போம் திட்டமும் சர்க்கரைக்காரர்களின் காலைப் பார்க்கிறது. அப்படியே பீடி பிடிப்பவர்களின் காலையும் பார்க்கலாமே. நாடி பார்க்க இரண்டு விரல் போதும். ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும் கையடக்க டாப்ளர் கருவி ஒன்று இருந்தால் கணுக்கால் பிரஷரையும் அங்கேயே பார்த்துவிடலாம், கொண்டை ஊசி வளைவு இருபதையும் இறங்கி வரவேண்டியதில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் குழாய் கெட்டிப்பட்டுப் போனால் அந்தக் கால்-கை பிரஷர் கணக்கு பொய்யாகக் கூடுதலாகக் காட்டுமாம், அவர்களுக்குக் கால் விரலில் பிரஷர் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கால் மரத்துப்போனவர்களுக்கு வலியும் தெரியாது, புண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

இப்போது அவன் பீடியை விட்டு நான்கு மாதம் ஆகிறது. விரல் எடுத்த இடம் ஆறிவிட்டது. ராத்திரி காலை நீட்டிப் படுக்கிறான். தோட்டத்தில் மேட்டு வேலை கொடுக்காமல் காபிக்கொட்டை உலர்த்தும் களத்தில் போட்டிருக்கிறார்கள். போன வாரம் போனில், "அந்த ஊசி எப்பவாவது வந்துச்சுன்னா சொல்லுங்க மாமா" என்றான். சொல்கிறேன் என்றேன். வந்தால் நீங்களும் போடுங்கள், அரைப் பக்கமே போடுங்கள், கூடவே எத்தனை பேருக்குப் போட்டார்கள், வெறும் ஊசியோடு ஒப்பிட்டார்களா, இங்கே கிடைக்குமா என்று மூன்று வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரர்,
சிவதாபுரம், சேலம்.