கண் வைத்தியரின் கூத்து

அன்புள்ள கதிருக்கு,

"கெய்ரோ நிழற்கூத்து கிரேக்க நகைச்சுவை நாடகத்திலிருந்து வந்ததாமே அம்மா?" என்று போனில் கேட்டாய். அடுப்பில் பால் இருந்த அவசரத்தில் "இருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்க மனசு கேட்கவில்லை.

13ஆம் நூற்றாண்டில் அந்தக் கூத்துகளை எழுதிய இப்னு தானியால் உன் தொழில்காரர்தான். இராக்கில் உள்ள மோசுலில் பிறந்தவர். மங்கோலியர் அந்த ஊரைச் சூறையாடிய பிறகு, கெய்ரோவுக்குப் போய் பாபுல் புதூஹ் கோட்டை வாசலருகே கண் வைத்தியக் கடை போட்டார். வரும்படி போதவில்லை. ஜனங்களின் கண்ணிலிருந்து செலவுக்குக் காசெடுக்கும் பிழைப்பு என்று கவிதையில் நொந்துகொண்டார்.

அவர் எழுதியவற்றில் மூன்று கூத்துகள் நம் கைக்கு வந்திருக்கின்றன. ஒன்றில் பாம்பாட்டி, ஜோசியர், சிங்கம் பழக்குபவர் என்று சந்தையே வரிசையாகத் திரைக்கு வரும். இன்னொன்றில், எகிப்தை ஆண்ட பைபர்ஸ் சுல்தான் மதுவுக்குத் தடை போட்டதால் சாத்தானே செத்துப்போனான் என்று ஒப்பாரி! அதே கூத்தில் விசால் என்ற சிப்பாய்க்கு உம்மு ராஷித் என்ற தரகர் பெண் பார்த்துக் கொடுக்கிறாள். கல்யாணத்தன்று முகத்திரையை விலக்கினால், அவன் கனவு கண்ட அழகி அங்கே இல்லை.

கிரேக்க நகைச்சுவை நாடகக்காரர் அரிஸ்டோபனீஸிலும் போலி ஜோசியர்கள் வருவார்கள், கூச்சமில்லாத பேச்சு வரும். சரி, ஜாடை இருக்கிறது. ஆனால் அரபியர் கிரேக்க வைத்தியர் கேலனின் மருத்துவ நூல்களை மொழிபெயர்த்த அளவுக்குக் கிரேக்க நாடகங்களைத் தொடவில்லை. 10ஆம் நூற்றாண்டில் கவிதை, நாடகம் பற்றிய அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' நூலை அரபிக்குக் கொண்டுவந்த அபூ பிஷ்ர் மத்தா, நகைச்சுவை நாடகத்துக்கு 'வசைப்பாட்டு' என்றுதான் பொருள் எழுதினார். மேடையே தெரியாதவருக்கு வேறென்ன தோன்றும்? கிரேக்க மொழி பேசிய பைசாந்தியப் பேரரசின் ஊர்களில் ஆடித் திரிந்த தெருக்கூத்தர்கள் வழியாக ஏதாவது வந்து சேர்ந்திருக்கலாம் என்கிறார்கள். அது எனக்கும் ஒப்புக்கொள்ளக் கூடியதாக இருக்கிறது. அவர்கள் கையில் ஏடு கிடையாது, ஆட்டம்தான்.

ஆனாலும் கடைவாசலில் நின்று தெருவைப் பார்த்த அந்த மனிதரை விட்டுவிட்டு ஏதென்ஸ் வரை போக எனக்கு மனசு வரவில்லை.

போன தீபாவளிக்கு வந்தபோது நடித்துக் காட்டினாயே, கண்கட்டை அவிழ்த்ததும் புருஷனைப் பார்த்து, "இவ்வளவு கிழவனாவா ஆயிட்டீங்க?" என்று கேட்ட பாட்டி. அதை எழுதி முடித்தாயா? அரைகுறையாக இருந்தாலும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா