மூச்சை எண்ணிப் பார், மல்லி

அன்புள்ள குண்டுமல்லி,

நீ அனுப்பிய நாலு செய்திக்கும் நான் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நேற்று எழுதியதில் 'பாப்பாவுக்குச் சளி, அத்தை கஷாயத்தில் தேன் விட்டுக் கொடுத்தாங்க' என்று ஒரு வரி இருந்ததே, அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டாம், அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியை அந்தச் சின்னக் குடல் தாங்காது. மூக்கடியில் கற்பூரத் தைலமும் வேண்டாம். அத்தையிடம் நான் சொன்னேன் என்றே சொல், அவர்களுக்கு என்மேல் பிரியம் உண்டு.

இப்போது என் கதை. சின்னவன் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். உனக்குச் சொல்லவில்லை, யாருக்குமே சொல்லத் தெம்பில்லை.

தீபாவளி முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம் பெரியவள் காய்ச்சலோடு வந்தாள். மூன்று நாளில் விட்டது. நாலாம் நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுகிறாள், கெண்டைக்காலைத் தொட்டாலே அலறுகிறாள். இளம்பிள்ளைவாதமோ என்று அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஃப்ளூ வந்த பிள்ளைகளுக்கு, அதிலும் பி வகை என்றால், காய்ச்சல் இறங்கும் சமயத்தில் இப்படிக் கால் தசை பிடித்துக்கொள்வது உண்டாம், சில நாளில் தானாகச் சரியாகிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்ததில் எட்டு மாதக்காரனை யாரும் பார்க்கவில்லை.

அவனுக்கும் காய்ச்சல். பக்கத்து கிளினிக்கில் நெஞ்சில் குழாயை வைத்தும் வைக்காமலும் ஆன்டிபயாடிக்கும் இருமல் மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது, இரண்டு வயதுக்குள் இருமல் மருந்தே கூடாது. இது எனக்கு அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டும் மல்லி. பாரசிட்டமாலுக்குச் சாயங்காலம் சூடு இறங்கியது, நானும் நிம்மதியாகிவிட்டேன். அன்று ராத்திரி பால் குடிக்க வாய் வைக்கிறான், இரண்டு இழுப்பு, விட்டுவிடுகிறான், மறுபடி வாய் வைக்கிறான், மறுபடி விடுகிறான். அடம் என்று நினைத்தேன். மூச்சு விட நேரம் போதாமல்தான் பிள்ளை பாலை விட்டிருக்கிறான்.

விடியற்காலை மழையில் தஞ்சாவூருக்குக் காரில் போனோம். கால் கட்டைவிரலில் சிவப்பு விளக்கு எரியும் ஒன்றை மாட்டினார்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் 87 சதவீதம் என்று காட்டியது. உடனே ஆக்சிஜன். சோதனையில் இன்ஃப்ளூயன்சா பி, அதே பி வகை ஃப்ளூதான். ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்து, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன், ஆனாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போன பிள்ளைக்குத் தாமதமானாலும் கொடுப்பார்கள் என்றார் டாக்டர்.

பக்கத்துக் கட்டிலில் மூன்று மாதக் குழந்தை, அதற்கு ஆர்எஸ்வி என்ற இன்னொரு சளி வைரஸ். அண்ணன்காரனுக்கு வெறும் மூக்கொழுகல்தான், அதே கிருமி தங்கச்சியைக் கட்டிலில் போட்டுவிட்டது. அதற்கென்று தனி மருந்து கிடையாது, ஆக்சிஜனும், மூக்கைச் சுத்தம் செய்வதும், குழாய் வழியாகப் பாலும்தான். அந்த வார்டில் தாய்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதில்லை, எல்லார் கண்ணும் அந்த எண்ணில்தான் இருக்கும். 91, 93, மறுபடி 90.

ராத்திரி டியூட்டி நர்ஸ் ஒருத்தி எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தாள், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிஷம் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். பாதி எண்ணி இரட்டிப்பாக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, அதற்குமேல் ஒரு வயதுவரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40. அந்த எண்ணைத் தொட்டாலே டாக்டரிடம் ஓட வேண்டும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், மூக்கு விடைத்தால், முனகினால், பால் குடிக்க முடியாமல் போனால், உதடு நீலம் பாய்ந்தால் யோசிக்கவே கூடாது. தெர்மாமீட்டரை எத்தனை தடவை பார்த்தேன், நெஞ்சை ஒரு தடவை பார்த்திருந்தால் ஒரு நாள் முன்னாலேயே போயிருப்பேன்.

ஃப்ளூ தடுப்பூசியை டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், அரசாங்கப் பட்டியலில் இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அந்த மாதம் செலவு அதிகம் என்று தள்ளிப் போட்டோம். ஆறு மாதம் முடிந்ததும் போடலாம், முதல் தடவை நாலு வார இடைவெளியில் இரண்டு, பிறகு வருஷா வருஷம் ஒன்று. ஒரு ஆச்சரியம் கேள்: பி வகையில் யமகட்டா என்று ஒரு கிளை இருந்ததாம், 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில் எங்கேயும் அது உறுதியாகக் கண்ணில் படவில்லையாம், தடுப்பூசியிலிருந்தே அதை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். கொரோனா காலத்தில் நாம் முகக்கவசம் போட்டு வீட்டுக்குள் இருந்ததுதான் அதை ஒழித்திருக்கும் என்கிறார்கள். அதைக் கேட்ட அன்றுதான் இருமிக்கொண்டே பிள்ளையைப் பார்க்க வந்த பெரியப்பாவை வார்டு வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். இன்னும் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

இப்போது அவன் தவழ்ந்து போய் அரிசி டப்பாவைக் கவிழ்க்கிறான். பெரியவள் பழையபடி ஓடுகிறாள்.

உன் பாப்பாவுக்கு நாலு மாதம்தான், அவளுக்கு ஊசி போட முடியாது. நீயும் அவரும் அத்தையும் போட்டுக்கொள்ளுங்கள், சளி பிடித்தவர் தூக்க வேண்டாம். ஊசி என்றால் ஹாஸ்டலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிவாயே, இந்த முறை ஒளியாதே. அப்புறம், இன்று ராத்திரி அவள் தூங்கியதும் ஒரு நிமிஷம் எண்ணிவிட்டு எனக்கு அந்த எண்ணை மட்டும் அனுப்பு. எத்தனை மணியானாலும் சரி, விழித்திருப்பேன்.

உன்,
பதினாலாம் நம்பர் அறை