வெள்ளிக்கிழமை மத்தியானத்தைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் பகுதி உயர்நிலைப் பள்ளியின் தாளாளர் ஐயா அவர்களுக்கும், தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் வணக்கமுங்க.

ஒன்பதாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் களப் பாடம் இனி கிடையாது, அந்த நேரத்தில் பத்தாம் வகுப்புப் பாடம் நடக்கும் என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பியிருந்தீர்கள். நாலு ஆசிரியர்களும் சேர்ந்து பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே கூட்டிப் போய்ச் சொல்லித் தருகிற அந்தக் களப் பாடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி மாதம் நீங்களே தொடங்கி வைத்தது. அது நின்றதால் என் வீட்டில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பள்ளி மைதானத்து மூலையில் ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலை எட்டரை மணிக்குப் பிள்ளைகள் முறை வைத்து அளந்தார்கள். வாரம் ஒரு தடவை எதிரே இருக்கும் கிணற்றில் கல் கட்டிய கயிற்றை விட்டுத் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்தார்கள். இரண்டு கணக்கும் ஒரே நோட்டில். அந்த நோட்டு என் மகள் பொறுப்பில் இருந்தது. நம்முடையது மழை மறைவுப் பகுதி. ஆனி, ஆடி, ஆவணி என்று பக்கம் பக்கமாகச் சைபர்தான். நடுவில் எப்போதாவது ஒரு மூன்று, ஒரு ஏழு. சைபரையும் விடாமல் எழுத வேண்டும், மழை இல்லாத நாளும் ஒரு தகவல் என்று அவர்கள் சார் சொல்லியிருந்தாராம்.

உங்கள் அறிவிப்பு வந்த வாரமே, பஸ் திருப்ப இடைஞ்சல் என்று மழைமானிக் கம்பத்தைப் பிடுங்கி விட்டார்கள். நாலாம் நாள் ராத்திரி ஐப்பசி மழை இறங்கியது. விடிய விடியப் பெய்தது. எங்கள் தோட்டத்தை ஒட்டிய பள்ளத்தில் இரண்டு வருடம் கழித்துத் தண்ணீர் ஓடியதைப் பார்க்க ஊரே வந்தது. அன்று காலை என் மகள் திண்ணையில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அஞ்சு மாதமாக அந்தப் பிள்ளைகள் காத்திருந்த மழை அது. எழுத எண் இல்லை. "தோராயமா ஒரு அம்பதுன்னு போடு கண்ணு" என்றேன். "அளக்காம எப்படிப்பா போடறது?" என்று கேட்டுவிட்டு அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டாள். வீட்டு முற்றத்தில் ஒரு புனலும் பாட்டிலும் வைத்து அளந்து தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே பெய்த மழை வேறு, இங்கே பெய்த மழை வேறு என்றாள். மானாவாரி பண்ணையம் பண்ணுகிற எனக்கு அது தெரியாதா? தெரிந்தும் அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன்.

அந்தக் காலிக் கட்டத்துக்கு யார் பொறுப்பு என்று உங்களை மரியாதையோடு கேட்கிறேன்.

கணக்குப் பாடம் போகிறது என்பதுதான் உங்கள் கவலை என்றால், அந்த நோட்டைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். நம் பள்ளி மொட்டை மாடியை அளந்து 600 சதுர மீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள். 38 மில்லிமீட்டர் பெய்தால் 22,800 லிட்டர். கோடையில் நீங்கள் டேங்கர் லாரிக்குக் கொடுக்கும் காசையும் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். இது கணக்கு இல்லையா?

வேலி அடைத்து மாடு மேய விட்டிருக்கும் என் கொறங்காட்டுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார்கள். ஆறு ஏக்கர், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். கணக்கு டீச்சர் கயிற்றால் ஒரு மீட்டர் சதுரம் போட்டு, அதற்குள் இருக்கும் புல்லை அறுத்து எடை போடச் சொன்னார். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர், அப்படியானால் இந்தக் காடு எத்தனை மாட்டைத் தாங்கும் என்று கணக்குப் போனது. வெள்வேலங்காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை எப்படி முளைக்கிறது என்று அறிவியல் சார் காட்டினார். காட்டைத் தடுத்துத் தடுத்து மாற்றி மேய்ப்பது ஏன், குத்தகை எப்படிப் பேசுவது என்று சமூக அறிவியல் பக்கம் கேள்வி வந்தது. இதுதான் நீங்கள் செய்யுளில் படிக்கிற முல்லை நிலம் என்றார் தமிழையா. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எங்கம்மா, வெள்வேல மர நிழலில் உட்கார்ந்து முப்பது பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பதில் சொன்னார். காங்கயம் காளைக்குப் பேர் போன மண்ணில் பிறந்த பிள்ளைகள், அந்த மாடு எந்தப் புல்லைத் தின்று வளர்கிறது என்பதை அன்றுதான் கையால் தொட்டுப் பார்த்தார்கள்.

அந்த இரண்டு பீரியடைத்தான் கேட்கிறேன்.

அடுத்து நொய்யல் ஆற்றுக்குப் போவதாக இருந்தார்கள். பழங்கால ஊரைத் தோண்டியெடுத்த கொடுமணலுக்குப் போய்விட்டு, அப்படியே ஒரத்துப்பாளையம் அணையும். பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய அணை அது. அதில் சாயக் கழிவு தேங்கி விவசாயிக்கு ஆகாமல் போனது. 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தண்ணீரில் உப்பு ஏறினால் மண் என்ன ஆகும் என்பது வேதியியல். பனியன் ஏற்றுமதியை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது என்பது பொருளாதாரம். நீதிமன்றம் ஏன் தலையிட்டது என்பது குடிமையியல். அதே ஆற்றங்கரையில் இரும்பு உருக்கி, கல்மணி செய்து, பானை ஓட்டில் பேர் கீறி வைத்த கொடுமணல் வரலாறு. ஆறு ஒன்றுதானே? நாம்தான் அதை நாலு புத்தகமாக வெட்டி, ஒவ்வொரு புத்தகத்திலும் கேள்விக்குப் பதில் மனப்பாடம் பண்ணச் சொல்கிறோம்.

உங்களை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொன்னது. நம் பிள்ளைகளுக்கு அது புத்தகத்தில் ஒரு பாடமாகவும், ஐந்து மார்க் கேள்வியாகவும், ஜூன் மாதம் நட்டு ஜூலையில் காய்கிற ஒரு மரக்கன்றாகவும் வந்து சேர்ந்தது. பறவைகள் வந்து தங்கும் வெள்ளோடும் நஞ்சராயன் குளமும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கின்றன. பஸ் பிடித்தால் போய் வருகிற தூரம். நாம் வருடா வருடம் சுற்றுலாவுக்குக் கூட்டிப் போவது தண்ணீரில் சறுக்கி விளையாடும் இடத்துக்கு. இதில் பெற்றோர் எங்கள் பங்கும் இருக்கிறது. ஒன்பதிலேயே பத்தாம் வகுப்பை முடிக்கிற பள்ளி எது என்று விசாரித்துச் சேர்க்கிறவர்கள் நாங்கள்தான். களப் பாடத்தால் போர்ஷன் பின்தங்குகிறது என்று புகார் கொடுத்ததும் எங்களில் சிலர்தான் என்று கேள்விப்பட்டேன். ஐந்நூறுக்கு எவ்வளவு என்று நானும் கேட்கிறவன்தான். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு என்று ஒரு வருடம் இருக்க வேண்டாமா?

கிளப்பாக வைத்துக்கொள்ளுங்கள், நாலரை மணிக்கு மேல் நடத்துங்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னீர்களாம். நாலரைக்கு ஸ்கூல் பஸ் கிளம்பிவிடும். பஸ்ஸில் வரும் பிள்ளைகள் எப்படி இருக்க முடியும்? நடந்து வரும் நாலு பேருக்கு மட்டும் அது பாடமாகிவிடும். பள்ளி நேரத்துக்குள், ஆசிரியர் நால்வரும் சேர்ந்து நிற்க, வகுப்பு முழுவதும் வர வேண்டும். அதற்குத்தான் வெள்ளிக்கிழமை மத்தியானம்.

குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் மரியாதை இருப்பதால்தான் டிசி வாங்காமல் கடிதம் எழுதுகிறேன். கார்த்திகை மழை இன்னும் பாக்கி இருக்கிறது. தயவு செய்து வரும் வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த இரண்டு பீரியடையும் திருப்பிக் கொடுங்கள். பஸ்ஸுக்கு இடைஞ்சல் இல்லாத இடமாக நீங்கள் காட்டினால் போதும், கம்பத்தை நானே வந்து நட்டுக் கொடுக்கிறேன். எங்கள் கொறங்காட்டுப் படல் எந்த நேரமும் திறந்திருக்குமுங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன்,
காங்கயம் வட்டாரம்.